கயிறும் காற்றும்

முத்துக்குளித்துறைக் கடற்கரையில் ஒரு வழக்கு உண்டு. கடலில் மூழ்குகிறவன் தன் கயிற்றின் மறுமுனையை மச்சான் கையில்தான் கொடுப்பான். உடன்பிறந்த அண்ணன் தம்பியிடம்கூடக் கொடுக்கமாட்டான். கயிற்றை விட்டால் அண்ணன் தம்பிக்குச் சொத்தில் பங்கு கூடும். மச்சானுக்கோ அக்காளோ தங்கையோ தாலியறுத்து வீட்டு வாசலில் வந்து நிற்பாள். இதை வேடிக்கைக் கதையாகக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. நாங்கள் இருவரும் இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்து, இதே உறவில் அமைந்து, இதே தொழிலையும் செய்துகொண்டிருப்பவர்கள். எங்களில் மூத்தவர் இளையவரின் அக்காளைக் கட்டியவர். ஒருவர் இறங்கினால் மற்றவர் கயிறு பிடிப்பார். மறுநாள் மாறிக்கொள்வோம். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இப்படித்தான் ஓடுகிறது.

இக்கட்டுரையையும் இருவரும் சேர்ந்தே எழுதுகிறோம். எதை யார் செய்தார் என்பதைச் சில இடங்களில் பிரித்துச் சொல்லவில்லை. அதற்குக் காரணம் உண்டு, பின்னால் வரும்.

எங்கள் தொழிலைப் பற்றி எழுதும்படி நண்பர்கள் கேட்கும்போதெல்லாம், கடலடியின் நிறங்களையும் மீன்களையும் பவளத்தையும்தான் எதிர்பார்க்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். உண்மையில் நாங்கள் பார்ப்பதெல்லாம் கப்பலின் அடிவயிறு. கலங்கிய நீரில் இரண்டடி தூரத்துக்குமேல் எதுவும் புலப்படாது. புரொப்பல்லரில் சுற்றிய வலை, அடித்தகட்டில் ஒட்டிய சிப்பி, துறைமுகத் தூண்களில் விழுந்த வெடிப்பு, இவையே எங்கள் கடல். ஆகவே காட்சியைப் பற்றி எழுத எங்களிடம் அதிகமில்லை. ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய ரப்பர் வட்டு ஒன்றைப் பற்றியும், அதற்குக் கூட்டாளியான ஒரு பித்தளைத் துண்டைப் பற்றியும் எழுதலாமென்று நினைக்கிறோம்.

இளையவருக்குத் தகப்பனாராகவும் மூத்தவருக்கு மாமனாராகவும் இருந்த பெரியவர், மன்னார் வளைகுடாவில் 1961-இல் நடந்த கடைசி முத்துக்குளிப்பில் இளவயதில் இறங்கியவர். காலைக் கல்லில் ஊன்றி, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் அடிக்குப் போய்விட வேண்டும். ஒரு நிமிடம் இருந்தால் பெரிது. அவருக்குக் காற்று என்பது நெஞ்சுக்குள் இருந்த அவ்வளவுதான். வால்வு என்று ஒன்று இருந்ததென்றால் அது அவருடைய தொண்டை. பிறகு அவர் சங்கு குளித்தார். எங்கள் காலத்தில் சங்குப் படகுகளில் கம்ப்ரஸர் வந்தது. நீண்ட குழாயின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒரு மணி நேரம்கூட அடியில் கிடக்க முடிந்தது. சங்கு கூடுதலாகக் கிடைத்தது. மூட்டுகள் செயலிழந்து வீட்டில் கிடந்தவர்களும் கூடுதலானார்கள். அது தனிக் கதை. நாங்கள் அதிலிருந்து விலகிக் கப்பல் வேலைக்கு வந்தபோது, வாயில் கடிக்கும் குழாய் போய், முகம் முழுவதையும் மூடும் மாஸ்க் வந்தது.

முழுமுக மாஸ்க்கின் வசதி கொஞ்சநஞ்சமல்ல. கண், மூக்கு, வாய் மூன்றும் ஒரே அறைக்குள் வந்துவிடுகின்றன. துறைமுகத்தின் எண்ணெய்த் தண்ணீர் உதட்டில் படாது. மயங்கிவிட்டாலும் குழாய் வாயிலிருந்து நழுவாது. பேசலாம். மேலிருந்து கம்ப்ரஸர் அனுப்பும் காற்று குழாய் வழியே வந்து, நாம் இழுக்கும்போது மட்டும் ரெகுலேட்டர் திறந்து முகத்துக்கு வருகிறது. விட்ட மூச்சு வேறொரு வாசல் வழியே குமிழியாக வெளியேறுகிறது. உள்ளே வரும் வழியில் இருப்பது ஒருவழி வால்வு: காற்று முகத்தை நோக்கி வரலாம், திரும்பிப் போகக்கூடாது. வெளியேறும் வழியில் இருப்பது காளான் வடிவ ரப்பர் வட்டு: காற்று வெளியே போகலாம், தண்ணீர் உள்ளே வரக்கூடாது. இதயத்தில் மூவிதழ் வால்வு, ஈரிதழ் வால்வு என்று பள்ளியில் படித்திருக்கிறோம். எங்கள் ரப்பர் வட்டுக்கு ஒரே இதழ். வீட்டில் நாங்கள் அதை இதழ் என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

இதழ் கெட்டால் தண்ணீர் கசியும். தொல்லைதான் என்றாலும் தெரிந்துவிடும். ஒருவழி வால்வு கெட்டால் ஒன்றுமே தெரியாது. அது கெட்ட நிலையிலும் காற்று வழக்கம்போல வந்துகொண்டிருக்கும், மூச்சும் சுகமாகவே இருக்கும். மேலே குழாய் அறுந்தாலோ கழன்றாலோதான் அது இருக்கிறதா இல்லையா என்பது விளங்கும். எட்டு மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் மேற்பரப்பைவிடச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.8 கிலோ கூடுதல். மாஸ்க்குக்குள் இருக்கும் காற்றும் அதே அழுத்தத்தில் இருப்பதால் நாம் அதை உணர்வதில்லை. குழாய் மேலே திறந்துகொண்டு, வழியில் தடுப்பும் இல்லையென்றால், அந்தக் காற்று ஒரே கணத்தில் மேல்நோக்கி ஓடிவிடும். முகத்தின் பரப்பை 150 சதுர சென்டிமீட்டர் என்று குறைத்து வைத்தாலும், 120 கிலோ எடை முகத்தைக் குழாய்க்குள் தள்ள முயல்வதாகக் கணக்கு.

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட ஆபத்தன்று. 1782-இல் இங்கிலாந்தின் ஸ்பிட்ஹெட் அருகே மூழ்கிய ராயல் ஜார்ஜ் என்ற போர்க்கப்பலின் சிதைவை, 1839 முதல் 1843 வரை கர்னல் பாஸ்லியின் படைப்பொறியாளர்கள் அகற்றினார்கள். அப்போது அவர்கள் அணிந்த செம்புத் தலைக்கவசங்களில் ஒருவழி வால்வு கிடையாது. வில்லியம்ஸ் என்ற சிப்பாயின் காற்றுக்குழாய் வெடித்தபோது அவருக்கு நேர்ந்ததே இவ்வகைக் காயம் பற்றிய முதல் மருத்துவக் குறிப்பாகச் சொல்லப்படுகிறது. தலைக்கவசத்தில் அந்தச் சின்னத் தடுப்பு இடம்பெற்றது இப்படிப்பட்ட அனுபவங்களுக்குப் பிறகுதான்.

எங்களுக்கு நேர்ந்தது 2003 மே மாதம். பழைய மாஸ்க் ஒன்றை வேறு ஊரிலிருந்து இரண்டாம் கையாக வாங்கியிருந்தோம். விற்றவர் நல்ல மனிதர்தான். காற்று தாராளமாக வரும் என்று சொல்லித்தான் கொடுத்தார். தாராளமாகவே வந்தது. ஏனென்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு பார்ஜின் அடியில் எட்டு மீட்டரில் எங்களில் ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தார். கண்ணாடியில் ஆவி படியாமலிருக்கக் காற்றை நேரே முகத்தில் அடிக்கும் பக்க வால்வையும் திறந்து வைத்திருந்தார். மேலே கம்ப்ரஸர் வாயில் குழாயை இறுக்கியிருந்த கிளிப் நழுவியது.

மேலே இருந்தவர் கேட்டது ஒரு சீறல். சிறிது நேரத்தில் கயிறு துடித்தது, இழுத்தார். கீழே இருந்தவர் உணர்ந்ததை இன்றும் அவரால் ஒழுங்காகச் சொல்ல முடிவதில்லை. யாரோ முகத்தைக் கடித்ததுபோல் என்பார். இன்னொருமுறை கேட்டால் கண்களை வெளியே எடுத்ததுபோல் என்பார். பட்டைகளைக் கழற்ற முடியாமல், மாஸ்க்கின் ஓரத்தில் விரல் நுழைத்துத் தண்ணீரை உள்ளே விட்டதும் பிடி தளர்ந்திருக்கிறது. அதைப் பிய்த்தெறிந்துவிட்டு, நெஞ்சிலிருந்த காற்றை ஊதிக்கொண்டே மேலே வந்தார். முகம் ஊதிக் கறுத்திருந்தது. இரண்டு கண்களிலும் வெள்ளை என்பதே இல்லை; விழியைச் சுற்றி முழுவதும் இரத்தச் சிவப்பு. பார்வை போகவில்லை என்று மருத்துவர் சொன்னார். சிவப்பு முழுவதும் மறைய மூன்று வாரமாயிற்று.

அன்று மாலை மாஸ்க்கைப் பிரித்துப் பார்த்தோம். ஒருவழி வால்வு இருக்கவேண்டிய பித்தளைக் கூட்டுக்குள் அடைப்பானும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. உப்பேறி இறுகிப்போனதால் யாரோ எப்போதோ எடுத்தெறிந்திருக்கிறார்கள். அதனால்தான் அத்தனை தாராளம்.

கிளிப்பை இறுக்கியவர் எங்களில் ஒருவர். வால்வைத் திறந்து பார்க்காமல் இறங்கியவர் மற்றவர். இதில் யார் பிழை பெரிது என்று ஒரு வருடம் பேசாமலே சண்டையிட்டோம். பேசாத சண்டை பேசும் சண்டையைவிட மோசம், குறிப்பாக ஒருவர் உயிர் மற்றவர் கையில் இருக்கும் தொழிலில். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம்: அந்த நாளைப் பற்றி எப்போது பேசினாலும் ‘நாங்கள்’ என்றே பேசுவது. முன்னால் சொன்ன காரணம் இதுதான்.

எங்கள் இருவருக்கும் வேண்டியவரான அந்தப் பெண்மணி அன்று இரவு கேட்டது ஒரே கேள்வி. “கயிறு யாரு பிடிச்சது?” பதில் அவருக்குத் தெரியும். திண்ணையில் இருந்த பெரியவர்தான் பேசினார். “கயித்துல ஒண்ணும் பழுதில்ல தாயி. எங்க காலத்துல கயிறு ஒண்ணுதான் மேலேயிருந்து வந்துச்சு, அதுக்கு மச்சான் போதும். இப்பக் காத்தும் மேலேயிருந்துல்லா வருது. அதுக்கு யாரு மச்சான்?” சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டார். அவர் இதைத் தத்துவமாகச் சொல்லவில்லை. எங்கள் மேல் கோபமாக இருந்தார், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நாங்கள் பழகிக்கொண்டவற்றைச் சொல்கிறோம். தயாரிப்பாளரின் கையேட்டுக்கும் முறையான பயிற்சிக்கும் இது மாற்றன்று. ஒவ்வொரு மாஸ்க்கும் வேறு அமைப்புடையது.

சோதனை முந்தின நாள் மாலையே தொடங்கிவிடுகிறது. கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுவோம். கழுவும்போது காற்றழுத்தத்தை நிறுத்துவதில்லை; நிறுத்தினால் ரெகுலேட்டர் வழியே தண்ணீர் உள்ளே ஏறி, அங்கேயே உப்பாகக் காய்ந்துவிடும். உலர்த்துவது நிழலில். வெயில் ரப்பரை விறைக்க வைக்கிறது. இதழை மெல்லக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்போம். ஓரம் சுருண்டிருக்கிறதா, நடுக்காம்பில் கீறல் இருக்கிறதா, தொட்டால் பிசுபிசுக்கிறதா? அது அமரும் வளையத்தைப் பஞ்சுத் துணியால் துடைப்போம். ஒரு மணல், ஓர் உப்புத் துகள், ஒரு முடி போதும், இதழ் முழுதாக மூடாமலிருக்க. பழைய ஆட்கள் ரப்பர் என்றாலே தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவிவிடுவார்கள். வாசலின் போன்றவை பெட்ரோலிய வகை, சிலவகை ரப்பரை ஊதச் செய்து பாழாக்கிவிடும். கையேடு சொல்லும் இடத்தில் மட்டும் சிலிக்கான் கிரீஸ், அதுவும் விரல் நுனியில் மினுங்கும் அளவுக்கு. பழுதான இதழுக்குப் பதில் சைக்கிள் டியூபில் வட்டம் வெட்டிப் போட்ட காலமும் எங்களுக்கு இருந்தது. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

காலையில், குழாயை மாட்டுவதற்கு முன், முதலில் இதழ். காற்று வரும் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு மாஸ்க்கை முகத்தில் வைத்து மெதுவாக மூச்சை இழுத்தால், அது முகத்தோடு ஒட்டிக்கொண்டு அப்படியே நிற்க வேண்டும். எங்கோ மெல்லிய முணுமுணுப்புக் கேட்டால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று முகத்தோரம்: தாடி, தலைமுடி, தலையுறையின் மடிப்பு. மற்றது இதழ். மற்றவர் சுற்றிவந்து பார்த்து விரலால் ஓரத்தை அழுத்திச் சொல்வார். இதழை நல்ல தண்ணீரில் நனைத்து மறுபடி இழுத்துப் பார்ப்போம். காய்ந்து மடங்கியிருந்ததென்றால் அத்தோடு சரியாகிவிடும். இல்லையென்றால் புது இதழ். பிறகு மூச்சை விட்டுப் பார்க்க வேண்டும். கன்னம் உப்பாமல் காற்று போக வேண்டும். உப்பினால் இதழ் வளையத்தோடு ஒட்டியிருக்கிறது.

அடுத்தது ஒருவழி வால்வு. பக்க வால்வைத் திறந்து வைத்துக்கொண்டு, குழாய் மாட்டும் வாயில் உதட்டை வைத்து உறிஞ்சிப் பார்ப்போம். ஒரு சொட்டுக் காற்றும் வரக்கூடாது. வந்தால் அந்த வழியே நம் முகமும் போகும் என்று பொருள். பின்னர் பக்க வால்வை மூடிவிட்டு, முதுகில் சுமக்கும் அவசர சிலிண்டரை மெல்லத் திறந்து, அதே வாய்க்குச் சற்றுத் தள்ளி நனைந்த விரலைப் பிடிப்போம். விரலில் குளிர் தட்டக்கூடாது. இரண்டு சோதனைக்கும் சேர்த்து மூன்று நிமிடம் ஆகாது. இதை இறங்குபவர் ஒருமுறையும் கயிறு பிடிப்பவர் ஒருமுறையும் தனித்தனியே செய்வோம். ஒருவர் செய்ததை மற்றவர் நம்பி விடுவதில்லை. மரியாதைக் குறைவு என்று முதலில் தோன்றியது. இப்போது தோன்றுவதில்லை.

குழாயை மாட்டுவதற்கு முன் அதற்குள் காற்றை ஊதித் தூசியைத் தள்ளிவிட வேண்டும். கம்ப்ரஸரின் காற்று இழுக்கும் வாய், எஞ்சின் புகைக்கு எதிர்ப்பக்கம், காற்று வரும் திசையில் இருக்க வேண்டும். இதைச் சோம்பலில் விட்டவர்கள் மூச்சில் புகை கலந்து மயங்கியதைச் சங்குப் படகுகளில் பார்த்திருக்கிறோம். பிறகு தளத்தில் உட்கார்ந்தே பத்து மூச்சு. இறங்கியபின் மூன்று மீட்டரில் ஒரு நிறுத்தம். குமிழி எங்கிருந்து வருகிறது, கண்ணாடிக்குக் கீழே நீர் சேர்கிறதா என்று பார்ப்பதற்கு.

கீழே போனபின் கோளாறு வந்தால் செய்ய வேண்டியவை குறைவு, அந்தக் குறைவே நல்லது. தண்ணீர் சேர்ந்தால் பக்க வால்வைத் திறந்து, வெளிமூச்சு வாசல் கீழே வரும்படி தலையைச் சாய்த்தால் காற்றே நீரைத் தள்ளிவிடும். ரெகுலேட்டர் நிற்காமல் கொட்டினால் திருகைச் சற்று முறுக்கிப் பார்க்கலாம். கொட்டுகிற காற்றிலேயே மூச்சும் விடலாம். காற்று நின்றால் அவசர சிலிண்டர். மூன்றிலும் முடிவு ஒன்றே: மேலே சொல்லிவிட்டு, வேலையை விட்டுவிட்டு, முறையாக ஏறிவருவது. நீருக்கடியில் வால்வைப் பழுது பார்க்கலாம் என்று நினைக்கிற மனிதருக்கு நாங்கள் கயிறு பிடிக்கமாட்டோம்.

சுற்றுலாக் கடற்கரைகளில் விற்கும் முழுமுக ஸ்நார்கல் மாஸ்க்குகளைப் பற்றியும் ஒரு சொல். அவை மேற்பரப்பில் மிதந்து பார்ப்பதற்கானவை, மூழ்குவதற்கல்ல. அவற்றிலும் புது மூச்சையும் விட்ட மூச்சையும் பிரிக்கும் சிறு இதழ்கள் உண்டு. அவை சரியாக மூடவில்லையென்றால் விட்ட மூச்சையே திரும்ப இழுத்துக்கொண்டிருப்போம். தலைவலி, படபடப்பு வந்தால் உடனே கழற்றிவிட வேண்டும். 2020 மார்ச்சில் இத்தாலியின் பிரேசியாப் பகுதியில், கொரோனா நோயாளிகளுக்குச் சுவாசக் கருவி போதாமற்போனபோது, ஒரு மருத்துவரின் யோசனைப்படி இதே ஸ்நார்கல் மாஸ்க்கில் முப்பரிமாண அச்சில் வார்த்த இணைப்பு வால்வைப் பொருத்தினார்கள். அந்தப் படத்தைச் செய்தித்தாளில் பார்த்தபோது, வீட்டுக்குள் அடைந்திருந்த நாங்கள் இருவரும் முதலில் தேடியது மூச்சு வெளியேறும் வாசல் எங்கே இருக்கிறது என்பதைத்தான்.

இனி, சொல்லத் தயங்கிய ஒன்று. 2017-இல் ஒரு கப்பல் மாலையில் புறப்பட வேண்டும். புரொப்பல்லரில் நைலான் கயிறு சுற்றியிருந்தது. அரைநாள் வேலை, நல்ல கூலி. காலைச் சோதனையில் நனைந்த விரலில் குளிர் தட்டியது. மிக மெல்லிய கசிவு. இரண்டாவது ஆளுக்கும் தட்டியது. மாற்றும் உதிரிப் பெட்டி அந்த வாரம்தான் தீர்ந்திருந்தது. இன்னொரு மாஸ்க் பழுதுபார்க்கப் போயிருந்தது.

மேற்பார்வையாளர் இளைஞர், மரியாதையானவர்.

“அண்ணாச்சி, நேத்து இதே மாஸ்க்லதானே இறங்குனீங்க?”

“ஆமா.”

“அப்ப இன்னைக்கு என்ன?”

“இன்னைக்குக் கசியுது.”

“எவ்வளவு?”

அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதிலில்லை. விரலில் பட்டதை அளவாக எப்படிச் சொல்வது? நாங்கள் இறங்கவில்லை. பதினோரு மணிக்கு வேறொரு குழு வந்தது. அவர்கள் தங்கள் கருவிகளோடு இறங்கி, வேலையை முடித்து, நலமாகவே ஏறிவந்தார்கள். கப்பல் நேரத்துக்குப் புறப்பட்டது. அந்த நிறுவனம் அதன்பின் எங்களை அழைக்கவில்லை. அந்த ஆண்டு பள்ளிக் கட்டணத்துக்குக் கடன் வாங்க வேண்டியிருந்தது. ஏதாவது நடந்திருந்தால் நாங்கள் செய்தது சரி என்று நாலுபேர் சொல்லியிருப்பார்கள். எதுவும் நடக்கவில்லை. எங்கள் குழாயும் அன்று அறுந்திருக்காது என்றுதான் நினைக்கிறோம். ஆயிரம் நாளில் ஒருநாள் அறுவது அது.

வீட்டுக்கு வந்து வால்வைப் பிரித்தோம். அடைப்பானுக்கும் அதன் இருக்கைக்கும் நடுவே வெள்ளையாக ஒரு நூல். குழாய் இணைப்பின் மரையில் சுற்றும் டெஃப்ளான் டேப்பின் பிசிறு. முந்தின வாரம் நாங்களே சுற்றியது. மரையின் முதல் இரண்டு சுற்றை விட்டுச் சுற்றியிருந்தால் உள்ளே போயிருக்காது. அதை எடுத்து ஊதிவிட்டுப் பார்த்தோம். விரலில் ஒன்றும் தட்டவில்லை.

அந்த நூலை அக்காள் என்றும் மனைவி என்றும் நாங்கள் அழைக்கும் அவர் வாங்கிப் பார்த்தார். வேலை போனதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து உதிரிப் பெட்டியின் கணக்கு அவரிடம். பெரியவரின் பழைய வெற்றிலைப் பெட்டிதான் அது. இதழ்கள், அடைப்பான்கள், ஸ்பிரிங்குகள், வளையங்கள் எல்லாம் தனித்தனித் தாளில் சுற்றி, வாங்கிய மாதம் எழுதியிருக்கும். ஒவ்வொன்றிலும் இரண்டுக்குக் குறைந்தால் வாங்கி வரும்வரை நச்சரிப்பு நிற்காது. எங்கள் கண்ணுக்கு இப்போது வெள்ளெழுத்து வந்துவிட்டது. சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் இதழைப் பிடித்துப் பார்ப்பதும் அவரே.

இதை எழுதி முடிக்கும் இந்த மாலையில் ஈரத்துண்டின்மேல் நான்கு இதழ்கள் காய்ந்துகொண்டிருக்கின்றன. நாளைக் காலை ஆறு மணிக்குப் படகு. அவற்றில் ஒன்றின் ஓரம் சற்றே சுருண்டிருப்பதாக உள்ளேயிருந்து குரல் வருகிறது. எங்களுக்குத் தெரியவில்லை. எழுந்துபோய்ப் பார்க்க வேண்டும்.